பூமாலை ஊற்றிய நீலம்

பூமாலைக்கு உட்காரத் தெரியாது. பகலில் பெரம்பலூர் சாலையில் உள்ள சர்க்யூட் போர்டு கம்பெனியில் செப்புத் தகடு கழுவுவாள். ஷிப்ட் முடிந்ததும் செட்டிகுளத்துப் பக்கம் தன் வயலில் களை எடுப்பாள். அவள் புருஷன் அறிவழகன் குடும்பத்தில் எல்லாரும் அடுத்தவர் வயலில் குனிந்தவர்கள். இந்த அரை ஏக்கர்தான் முதல் சொந்த மண். அதனால் போன வருஷம் சின்ன வெங்காயத்தில் திருகல் நோய் விழுந்தபோது அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கம்பெனியின் பின்சுவரோரம், தகடு கழுவிய கழிவான நீலச் சேறு மூட்டை மூட்டையாகக் கிடந்தது. பயிர் நோய்க்கு மயில்துத்தம் என்ற நீலச் செப்பு உப்பைச் சுண்ணாம்போடு கரைத்துத் தெளிப்பது அவளுக்குப் பழக்கம்தான். இதுவும் மயில்துத்தம்தானே என்று தூக்குவாளியில் அள்ளி வந்து நாலு வாரம் ஊற்றினாள். நோய் அடங்கியது. தன் சமர்த்தைத் தானே மெச்சிக்கொண்டாள், பாவம்.

இந்த வருஷம் பாதுகாப்பு அதிகாரியாக வந்த வெற்றிச்செல்வி, அந்தச் சேற்றில் காரீயமும் உண்டு என்று தொழிலாளர்களுக்கு எடுத்த வகுப்பில் சொன்னாள். பிள்ளைகளின் மூளையைக் கெடுக்குமாம்; மண்ணில் இறங்கினால் லேசில் போகாதாம்.  மறுநாளே பூமாலை வயல் மண்ணையும், வீட்டோரத்து மூங்கில் தட்டிப் பட்டறையில் சேமித்திருந்த புது வெங்காயத்தையும் வெற்றிச்செல்வியிடம் கொடுத்தாள்.

"சோதிச்சுச் சொல்லுங்க மேடம். யாரு வயலுன்னு மட்டும் கேக்காதீங்க."

முடிவு போனில் வந்த நேரம், வெங்காயம் வாங்க வந்த வியாபாரி அரங்கநாதனின் வண்டி பட்டறை முன்னால் நின்றது. மண்ணிலும் வெங்காயத்திலும் காரீயம், அளவுக்கு மேல்.

அறிவழகனைத் தனியாக இழுத்துச் சொன்னாள். அவன் முகம் வெளுத்தது.

"வாயத் தொறக்காத. தெரிஞ்சா நம்ம மண்ணுல வெளையிறத எவனும் தொட மாட்டான்."

அவன் மூட்டை தூக்கப் போய்விட்டான். பூமாலை ஏறும் மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். பத்து மூட்டை ஏறிவிட்டது. அப்போது அறிவழகன் வீட்டுக்குள் போய், சமையலுக்கு வைத்திருந்த வெங்காயக் கூடையைத் தூக்கி வந்தான். மகள் தமிழ்மொழி பழைய சோற்றுக்குக் கடித்துக்கொள்ள அதிலிருந்துதான் எடுப்பாள். அதையும் ஒரு சாக்கில் கொட்டி வண்டியில் ஏற்றினான்.

தன் மகளுக்கு ஆகாதது ஊரார் பிள்ளைக்கு மட்டும் ஆகுமா என்று பூமாலைக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"அண்ணே, எல்லாத்தையும் எறக்குங்க!"

"ஏம்மா, வேற ஆளுகிட்ட பேசிட்டியா?" என்றார் அரங்கநாதன்.

"இல்லண்ணே. இதுல வெஷம் இருக்கு. போன வருசம் கம்பெனி சேத்த ஊத்தி நாந்தான் மண்ணக் கெடுத்தேன்."

அறிவழகன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அரங்கநாதன் வண்டியைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்தார்.

"போன வருச வெங்காயத்தையும் நாந்தானம்மா ஏத்துனேன். நல்லா இருக்குன்னு பேரப்புள்ளைங்களுக்கு ஒரு மூட்ட கொண்டு போனேனே..."