காலரின் அடியில் பிழைத்த தோல் ஜாக்கெட்

“…பூஞ்சை பூத்ததை ஊட்டுக்குள்ள வச்சு என்னத்துக்குக் கண்ணு? தூக்கிக் குப்பையில போடு” என்றார் என் மாமியார். அவர் கையில் இருந்தது, என் கணவர் கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய தோல் ஜாக்கெட். ஞாயிறன்று என்னோடு பைக்கில் ஊட்டி போக, அதைத்தான் என் கணவர் ஆசையாகத் தேடிக்கொண்டிருந்தார்.

“போட்டறாதீங்க அத்தை. நான் புதுசாக்கிக் காட்டறனுங்க” என்று வாங்கிக்கொண்டேன்.

நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலை எனக்கு. அங்கே எண்ணெய்க் கறை எல்லாம், ரசாயனத்தைப் பீய்ச்சும் ஸ்ப்ரே கன்னில் ஒரே அடியில் போய்விடும். அந்தத் தைரியத்தில் சூப்பர்வைசரிடம் கேட்டுக் கன்னை வாங்கி வந்தேன். எதையும் முதலில் உட்புறம் திருப்பிப் பார்ப்பது செக்கிங்காரர்களின் கைப்பழக்கம். அதனால் காலரின் அடியில்தான் முதலில் அடித்தேன். துடைத்தால், பூஞ்சையோடு கறுப்புச் சாயமும் துணியில் வந்துவிட்டது! முன்பக்கம் அடித்திருந்தால்? கன்னை ஓரமாக வைத்துவிட்டேன்.

“நாஞ்சொன்னப்பவே போட்டிருக்கோணும்” என்று அத்தை சிரித்தார்.

நான் விடவில்லை. செருப்புக் கடையில் விசாரித்து, தோலுக்கான கண்டிஷனர் கிரீம் வாங்கினேன். வாசலில் வைத்துப் பூஞ்சையைத் துடைத்தேன். லேசான சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றியெடுத்து, நிழலில் காயவிட்டு, கிரீமை மெல்லிசாகத் தேய்த்தேன். விறைத்துக் கிடந்த தோல் மெத்தென்று ஆகி, கறுகறுவென்று மின்னியது!

இப்போதெல்லாம் கம்பெனி கன்னை வீட்டுக்குக் கொண்டுவருவதே இல்லை. பை, பெல்ட் எதுவானாலும் கண்ணில் படாத இடத்தில்தான் முதல் சோதனை.

அந்த ஞாயிறு காலை, “குடு பாக்கலாம்” என்று ஜாக்கெட்டை வாங்கிய அத்தை, சேலைக்கு மேலேயே மாட்டிக்கொண்டு, எனக்கு முன்பாக மகனின் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.