ராகு காலமும் ஒரு அனுமதிப் பொத்தானும்

யார் கண்ணிலும் படாத வேலை எங்களுடையது. கண்ணில் படுகிற அன்றைக்கு ஏதோ கெட்டுப்போயிருக்கும். சர்வரைக் கட்டிக்கொண்டு அழும் சக பாவிகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

டெமோ அவசரம்

தருமபுரியில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் இருக்கிறேன். ஒரு பால் நிறுவனத்துக்கு மெசேஜ் க்யூ சர்வர் நிறுவிக் கொடுத்தோம். பால் வண்டி வராவிட்டால் அலுவலகம் அனுப்பும் செய்தி அதில் வரிசையில் காத்திருக்கும். மலையடி ஊர்களில் போனுக்குச் சிக்னல் கிடைத்ததும் போய்ச் சேரும். அதற்கு முன்பெல்லாம் டிரைவர்கள் டவுன் பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்புவார்கள். இனி அது கூடாது என்று நிறுவனம் உத்தரவே போட்டுவிட்டது.

சர்வரை கண்டெய்னர் என்கிற மென்பொருள் பெட்டி ஒன்றில் ஏற்றினேன். அது நின்று மறுபடி கிளம்பினால் உள்ளே இருக்கும் செய்திகள் அழிந்துவிடும். அழியாமல் இருக்கத் தனியாகச் சேமிப்பு இணைக்க வேண்டும். மறுநாள் டெமோ என்பதால் நான் இணைக்கவில்லை. தப்பு என்னுடையதுதான். பக்கத்து சீட்டுக் குமரேசனிடம் சொன்னபோது திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "டெமோல யாருங்க ரீஸ்டார்ட் பண்ணிப் பாக்கப் போறாங்க?" டெமோ முடிந்து, அதுவே அப்படியே நிஜ உபயோகத்துக்கும் போய்விட்டது.

தானாக நடக்கும் வேலை

புரோகிராமில் எதை மாற்றினாலும் பைப்லைன் என்கிற தானியங்கி ஏற்பாடு தானே சோதித்து, தானே நிறுவிவிடும். எங்கள் மேனேஜர் மட்டும் நடுவில் ஒரு அனுமதிப் பொத்தான் வைக்கச் சொன்னார். பொறுப்பான மனிதர் என்று நினைத்தேன். அவர் தினசரிக் காலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் அதை அழுத்துகிறார் என்பது பிறகு தெரிந்தது. கேட்டதற்குச் சொன்னார்: "மிஷினுக்கு நேரங்காலம் தெரியாதுங்க. நமக்குத் தெரியணுமில்ல?"

திங்கட்கிழமை

ஒரு ஞாயிறு பொம்மிடிப் பக்கம் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். அங்கே அந்த நிறுவனத்துக்குப் பால் சேகரிப்பு நிலையம் நடத்துவது என் அண்ணி. "எங்க தம்பி செஞ்சது" என்று பால் ஊற்ற வந்தவர்களிடமெல்லாம் போனைக் காட்டிக்கொண்டிருந்தார். அன்றிரவே லேப்டாப்பைத் திறந்தேன். உட்கார்ந்து சேமிப்பை இணைத்து, மறுநாள் காலை ஏழே முக்காலுக்கு அனுமதிக்கு அனுப்பினேன். திங்களன்று ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகு காலம்.

எட்டு மணிக்கு, வண்டி பழுது, கேன்களை ஆட்டோவில் குளிரூட்டும் நிலையத்துக்கு அனுப்புங்கள் என்ற செய்தி வரிசையில் வந்து நின்றது. அண்ணிக்குச் சிக்னல் இல்லை. எட்டேகாலுக்குக் கண்டெய்னர் மெமரி நிரம்பி, தானே நின்று தானே கிளம்பியது. வரிசை காலி. ஏழே முக்காலிலிருந்தே போனில் நான் எவ்வளவு கெஞ்சியும் மேனேஜர் ஒன்பது ஒன்றுக்குத்தான் பொத்தானை அழுத்தினார். திரையில் பைப்லைனின் எல்லாக் கட்டங்களும் பச்சையாயின. திருப்தியாகச் சொன்னார்: "பாத்தீங்களா, நல்ல நேரத்துல பண்ணா ஒரு எர்ரர் வருதா?"

எட்டரை பஸ்

பதினோரு மணிவரை வெயிலில் கேன்களோடு காத்திருந்திருக்கிறார் அண்ணி. அத்தனை வீட்டுப் பாலும் திரிந்துபோனது. பால் ஊற்றியவர்கள் சுற்றி நின்று அவரைத்தான் கேட்டார்கள். நான் போய் நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கேனைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "எட்டரை பஸ் கண்டக்டரு வழியில வண்டி நிக்கிறதப் பாத்துட்டுத்தான் வந்தாரு தம்பி. உங்களுக்குத்தான் போன்லயே வந்துடுமேன்னு சொல்லாமப் போயிட்டாராம்."

இப்போது சேமிப்பு இருக்கிறது, கண்காணிப்பு இருக்கிறது, ராகு காலமும் இருக்கிறது. அண்ணி மட்டும் தினமும் எட்டரை பஸ்ஸுக்கு ரோட்டில் வந்து நிற்கிறார்.