அப்பா கட்டிய குழை

எங்கள் பக்கத்தில் காட்டுக்குள் இறங்குகிறவர்கள் முதலில் இலையோடு ஒரு குழையை முறித்து, பாதை தொடங்கும் இடத்தில் நிற்கும் மரத்தில் செருகுவார்கள். ஐயனாரிடம் சொல்லிவிட்டுப் போவது அது. வெளியே வந்ததும் செருகியவரே அதை எடுத்து எறிய வேண்டும். வேறு யாரும் கை வைக்கக் கூடாது. குழை மரத்தில் இருந்தால் ஆள் இன்னும் உள்ளே இருக்கிறார்.

காற்றுக்கு விழுந்துவிடும் என்று பயந்து, அப்பா தன் குழையைப் பழைய சாரத்தில் கிழித்த நீலத் துண்டால் கட்டிவிட்டுத்தான் போவார். நான் எட்டாம் ஆண்டு படிக்கும்போது தேன் எடுக்கப் போன அன்றும் அப்படியே கட்டினார். திரும்பி வரவில்லை. ஊரவர்கள் நான்கு நாட்கள் தேடினார்கள். யானை என்றார்கள், சேறு என்றார்கள், வெடிக்காமல் கிடந்த ஏதோவொன்று என்றார் ஒருவர். உடல் கிடைக்கவில்லை. குழை காய்ந்து உதிர்ந்த பிறகும் துணி மரத்தில் இருந்தது.

“அவர் கட்டினத அவர்தான் அவிழ்க்கோணும்” என்று அம்மா சொல்லிவிட்டார். செத்தவீடு நடக்கவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி இல்லை. பொட்டும் அழியவில்லை.

அம்மாவும் அப்பாவும் சிறுவயதில் மலையகத் தோட்டமொன்றிலிருந்து வன்னிக்கு வந்தவர்கள். இருவருக்கும் கையெழுத்து வைக்கத் தெரியாது. அப்பா என்னை ஒருநாளும் காட்டுப் பக்கம் கூட்டிப் போனதில்லை. கேட்டால், “உனக்குப் பள்ளிக்கூடம் இருக்கு” என்பார். அதனால் அந்தத் துணியைப் பற்றி எனக்குத் தெரியும், அது இருந்த மரத்தையோ அப்பா இறங்கிய பாதையையோ தெரியாது. விடுதியில் தங்கிப் படித்தேன், பல்கலைக்கழகம் போனேன், பிரதேச செயலகத்தில் உத்தியோகம் கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் பேனை பிடித்த முதல் கை என்னுடையது. அதைச் சொல்ல எனக்கு இன்றும் வெட்கமில்லை.

செட்டிகுளத்துக்கு உள்ளே, குளத்தின் பின்பக்கச் சதுப்புக் காட்டைப் பூங்காவாக்கும் வேலை வந்தபோது, வெட்ட வேண்டிய மரங்களின் பட்டியலை நான்தான் எழுதினேன். வாசலுக்கென்று குறித்த இடத்தில் ஒரு பெரிய மருது நின்றது. அடிமரம் உள்ளே வெறுங்கோறை. அதன் கவட்டில், நீலமா சாம்பலா என்று சொல்ல முடியாத ஒரு துணி கட்டியிருந்தது. மரம் வெட்ட வந்தவர் கோடாலியை இறக்கி வைத்தார்.

“தங்கச்சி, ஆரோ காட்டுக்குப் போன ஆள் கட்டினது போல கிடக்கு. விடுவமோ?”

பொறியியலாளர் பக்கத்தில் நின்றார். நான் காட்டு ஊர்ப் பெண் என்று அவர் நினைத்துவிடக் கூடாது என்பதுதான் அந்த நேரம் என் மனதில் இருந்தது.

“பட்டியலில இருக்கிற மரம், அண்ணை. அது குப்பை. சேர்த்து எரியுங்கோ.”

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கோடாலியை எடுத்தார். நான் அடுத்த மரத்தின் சுற்றளவை எழுதப் போனேன்.

வேலை நடந்த மாதங்களில் முட்கம்பி அடித்திருந்ததால் அம்மாவால் அந்தப் பக்கம் போக முடியவில்லை. பூங்கா திறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே கேட்டார்.

“என்ன ஒருக்கா கூட்டிட்டுப் போ, புள்ள. அந்தப் பக்கம் போய் மாசக்கணக்காச்சு, பாத்துட்டு வருவம்.”

நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தார். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண்ணிடம், “இவ எழுதித்தான் இந்தப் பூங்காவே வந்தது” என்றார். நான் மறுக்கவில்லை.

நுழைவுச்சீட்டு கொடுத்தவர் பகிடிக்காரர். “என்னம்மா, காட்டுக்குள்ளயே இருந்துபோட்டு இப்ப காசு குடுத்துக் காடு பாக்க வந்திருக்கிறியள்?”

“இவ்வளவு நாளும் சும்மா பாக்க விட்டதே பெருசு, தம்பி” என்றார் அம்மா. அவர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. சீட்டுக் கொடுக்கும் கொட்டிலைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பிறகு நிமிர்ந்து, மரம் இருந்திருக்க வேண்டிய உயரத்தைப் பார்த்தார். அந்தத் துணி அப்பாவுடையது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

சொல்லத் துணிவில்லாமல் அவரை உள்ளே கூட்டிப்போனேன். மாரி வெள்ளம் மருத மரங்களின் அடியில் கறுப்பாக நின்றது. அதன் மேல் பலகைப் பாதை. பிள்ளைகள் ஓட ஓடப் பலகை அதிர்ந்தது. அன்னம் போலச் செய்த மிதிபடகு ஒன்றில் இரண்டு பேர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா கைபிடிக் கம்பியைப் பிடித்தபடி தண்ணீரையே பார்த்து நடந்தார். இதற்குள் எங்கேயோதான் அப்பா இருக்கிறார் என்று நாங்கள் இருவரும் நினைத்தோம்.

பாதை முடியும் இடத்தில் அம்மா நின்றார்.

“வாசல்ல நிண்ட மரம் எங்க, புள்ள?”

“வெட்டியாச்சம்மா.”

“துணி?”

“எரிச்சாச்சு.”

“ஆர் சொல்லி?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாய் அதற்குத்தான் திறந்தது.

“நான்தான் சொன்னனான். அந்த மரம் எண்டு எனக்குத் தெரியாது, அம்மா.”

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கம்பியை விட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். என்னைவிட வேகமாக நடந்தார். வாசலில் மட்டும் நின்று, “எந்த இடத்தில எரிச்சது?” என்று கேட்டார். கொட்டிலின் பின்பக்கத்தைக் காட்டினேன். இப்போது அங்கே சைக்கிள் விடுகிறார்கள். சைக்கிள்களுக்கு இடையில் போய், குனிந்து, மண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார். சாம்பல் எதுவும் இல்லை. மழை கழுவிவிட்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா படியில் கால் வைக்கவில்லை. பின்பக்கமாகச் சுற்றிக் கிணற்றடிக்குப் போனார். அந்த நல்ல சேலையோடே தலையில் தண்ணீர் ஊற்றத் தொடங்கினார். வாளி இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. எத்தனை தரம் என்று நான் எண்ணவில்லை. அவர் நிறுத்தியபோது நெற்றியில் பொட்டு இல்லை. தண்ணீரில் போனதா, கையால் துடைத்தாரா என்று நான் பார்க்கவில்லை.

வாளியை என் பக்கம் நீட்டினார்.

“நீயும் முழுகிட்டு உள்ள வா.”

நான் வாளியை வாங்கிக் கிணற்றுக் கட்டில் வைத்தேன்.

“ஆம்புளப் புள்ள இல்லாத வீடு. உன்ர கையாலதான் அவருக்கு நடக்கோணும் எண்டு இருந்திருக்கு. எரிச்சிட்டாய். முழுகு.”

தண்ணீர் குளிர்ந்து கிடந்தது. நான் வாளியைத் தூக்கித் தலையில் ஊற்றினேன்.