சங்கிலிமுத்துவின் காது

சங்கிலிமுத்து அண்ணனைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு முதலில் கோபம்தான் வரும். அது அடங்கிய பிறகுதான் மற்றதெல்லாம். கொஞ்சம் பொறுத்துக்கொண்டுதான் கேட்க வேண்டும்.

ஆமத்தூர் விலக்கில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, கார் ஏ.சி. வேலை பார்த்துவந்தார். விருதுநகர் மிளகாய் மண்டிக்காரர்களின் கார்களும் சிவகாசி முதலாளிகளின் கார்களும் அவர் வாசலில் காத்துக் கிடக்கும். கேஸ் நிரப்பிக் கொடுக்க ஊருக்கு நாலு பேர் இருந்தார்கள். ஆனால் ஏ.சி. வேலை முடிந்து வீட்டுக்குப் போன வண்டியில் புதிதாக ஒரு சத்தம் கிளம்புமே, அது பானெட்டுக்குள் எந்த மூலையில் இருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க அவரை விட்டால் ஆளில்லை என்று பேர். நீளமான ஒரு ஸ்குரூ டிரைவரின் நுனியைக் கம்ப்ரசர் மேல் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டிக் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு எந்த இடம் என்று விரலை வைத்துக் காட்டுவார். டிரைவர்கள் நாங்கள் அந்தக் காதுக்குக் கோயில் கட்டாத குறைதான்.

வேலை முடிந்ததும் வண்டியை உடனே கொடுக்க மாட்டார். இன்ஜினை ஓடவிட்டு, பானெட்டைத் திறந்தபடி வைத்து, மனைவி பஞ்சம்மாளைக் கூப்பிடுவார். மதினி தட்டில் கற்பூரம் ஏற்றி வந்து வண்டியின் முகத்துக்கு நேரே நின்று நிதானமாகச் சுற்றுவார். கற்பூரம் அணைந்த பிறகும் கொஞ்ச நேரம் நிற்பார். புருஷன் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, முகத்துக்கு நேராக ஏதோ ஒரு வார்த்தை சொல்வார். சில நாள் அண்ணன் சாவியை நீட்டிவிடுவார். சில நாள், “இரு தம்பி, இன்னொரு தடவ பார்த்துருவோம்” என்று மறுபடி ஸ்பானரைக் கையில் எடுப்பார். இன்றைக்குச் சாமி உத்தரவு கொடுக்கவில்லை போல என்று நாங்கள் கேலி செய்வோம். அவர்கள் இரண்டு பேரும் சிரித்து நான் பார்த்ததில்லை.

அப்போது தாயில்பட்டியில் ஏ.சி. போட்ட வாடகை வண்டி என்னுடைய டாடா சுமோ ஒன்றுதான். 108 ஆம்புலன்ஸ் வராத காலம். பட்டாசுக் கம்பெனியில் விபத்து என்றால் முதல் போன் எனக்குத்தான் வரும். தீக்காயம் பட்டவர்களை உட்காரவைக்க முடியாது. பின் சீட்டுகளை மடக்கி, வாழை இலை விரித்துப் படுக்கவைத்து, ஏ.சி.யைக் கூட்டிவைத்தால்தான் மதுரை வரை தாங்குவார்கள். முந்தின நாள் மாப்பிள்ளை அழைப்புக்குப் போன வண்டியாகவும் அது இருக்கும். இலையை எடுத்துவிட்டுக் கழுவும்போது எதையும் நினைக்காமல் கழுவப் பழகியிருந்தேன்.

இரண்டாயிரத்து ஆறாம் வருடம், தீபாவளி சீசன். ஏ.சி. குளிரவில்லை என்று சங்கிலிமுத்து அண்ணனிடம் விட்டேன். கம்ப்ரசரையும் பெல்ட்டையும் மாற்றிக் கொடுத்தார். காற்று ஜில்லென்று வந்தது. இரண்டாம் நாளே பானெட்டுக்குள் சத்தம். ஒன்றல்ல, இரண்டு. தகர டப்பாவில் கல்லைப் போட்டு ஆட்டுவதைப் போல ஒரு கடகட. அதற்கு அடியில் மெல்லிசாக ஒரு கீச். ஏ.சி.யை நிறுத்தினால் கடகட அடங்கியது. கீச் அடங்கவில்லை. திரும்பவும் ஆமத்தூருக்குக் கொண்டுபோனேன்.

அன்று மதினி இல்லை. சீசன் கடைசி மாதம், கம்பெனிகளில் ஆள் பற்றாமல் கை கால் உள்ளவர்களையெல்லாம் வேன் வைத்து அள்ளிக்கொண்டிருந்தார்கள். அவரும் போயிருந்தார்.

“கடகடன்னு ஒண்ணு, கீச்சுன்னு ஒண்ணுண்ணே. அந்தக் கீச்சு, ஏ.சி.ய அமத்தினாலும் நிக்க மாட்டேங்கு” என்றேன்.

அண்ணன் ஸ்குரூ டிரைவரை ஊன்றிக் கேட்டார். கம்ப்ரசரைத் தாங்கும் பட்டையில் ஒரு போல்ட் தளர்ந்திருந்தது. முறுக்கினார். கடகட போன இடம் தெரியவில்லை.

“முடிஞ்சு போச்சு தம்பி.”

“கீச்சு இன்னும் கேக்குதேண்ணே.”

அவர் பானெட்டைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். “புது பெல்ட்டுல்ல. நாலு நாள் ஓடுனா அடங்கிரும்” என்றார். பிறகு அவரே கற்பூரத்தை ஏற்றி வண்டிக்குச் சுற்றிவிட்டு, சாவியைக் கொடுத்தார். என் காதில் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் சங்கிலிமுத்துவே சொல்லிவிட்டார் என்று கிளம்பினேன். அந்த முட்டாள்தனம் என்னுடையது, அதை யார் தலையிலும் கட்ட மாட்டேன்.

நாலாம் நாள் காலை பதினொரு மணிக்குப் போன் வந்தது. திரி செருகுகிற அறையில் தீ. பொன்னுத்தங்கம் என்ற இருபத்தாறு வயதுப் பெண்ணைத் தூக்கி வந்தார்கள். கூட வேலை பார்த்த செல்வலட்சுமி துணைக்கு ஏறிக்கொண்டாள். சிவகாசியில் மருந்து போட்டு, மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஏ.சி.யை முழுசாகக் கூட்டிவைத்தேன்.

“இப்பத்தான் எரிச்சல் கொஞ்சம் அமந்திருக்கு. கொறச்சிராதீகண்ணே” என்றாள் பொன்னுத்தங்கம். குரல் தெளிவாகத்தான் இருந்தது.

விருதுநகர் தாண்டியதும் கீச் பெரிதானது. நிறுத்திப் பார்ப்போமா என்று ஒரு தடவை தோன்றியது. நிறுத்தினால் நேரம் போகும், அடங்கிவிடும் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார் என்று விரட்டினேன். கள்ளிக்குடி தாண்டி ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. அடுத்த நொடி பானெட்டுக்குள் சாட்டையால் அடித்த மாதிரி ஒரு அடி. சூட்டு முள் சிவப்புக்குப் போய், வண்டி நின்றது.

ஏ.சி. பெல்ட்டை இழுத்துப் பிடிக்க ஒரு சின்னப் புல்லி உண்டு. அதன் பேரிங் தேய்ந்துபோய், அன்று அப்படியே இறுகிவிட்டது. ஏ.சி. போட்டாலும் போடாவிட்டாலும் அது சுற்றும். அதனால்தான் அந்தக் கீச் நிற்கவே இல்லை. இறுகிய புல்லியில் உரசிக் கிழிந்த பெல்ட், பக்கத்தில் தண்ணீர் பம்பைச் சுற்றும் பெல்ட்டையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. நாலு நாளைக்கு முன்னால் ஏ.சி. பெல்ட்டைக் கழற்றிவிட்டு இன்ஜினை ஓட்டிப் பார்த்திருந்தால் சத்தம் நின்றிருக்கும், குற்றவாளி யாரென்று தெரிந்திருக்கும். பத்து நிமிட வேலை.

மர நிழல் இல்லாத இடம். புரட்டாசி வெயில். வருகிற வண்டியெல்லாம் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு ஓடின. கதவுகளைத் திறந்துவிட்டு, செல்வலட்சுமி முந்தானையால் விசிறினாள்.

“ஏன்ணே நின்னுட்டீக?” என்று பொன்னுத்தங்கம் கேட்டாள். திரும்பத் திரும்பக் கேட்டாள். ஐம்பது நிமிடம் கழித்து, காய்கறி ஏற்றிப் போன மினி லாரி ஒன்று இரங்கி நின்றது.

மறுநாள் காலையில் அவள் இறந்துபோனாள். சீக்கிரம் கொண்டுவந்திருந்தாலும் கஷ்டம்தான் என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம். அந்த ஐம்பது நிமிடத்தை அவள் அனுபவித்தாளே, அதற்கு எந்த டாக்டர் என்ன சொல்வார்?

இறுகிப்போன புல்லியை எடுத்துக்கொண்டு ஆமத்தூருக்குப் போய், அவர் காலடியில் வீசினேன். மதினி வீட்டில் இருந்தார்.

“கீச்சுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்லண்ணே. நீங்களும் கேட்டுக்கிட்டுத்தான நின்னீக?”

மதினிதான் சொன்னார். “அவுகளுக்கு அது கேக்காதுய்யா.”

இருபத்திரண்டு வயதில் அவரும் பட்டாசுக் கம்பெனியில்தான் இருந்திருக்கிறார். பக்கத்து அறையில் மருந்து வெடித்து இரண்டு பேர் செத்தார்கள். இவர் உடம்பில் கீறல் இல்லை. மெல்லிசான சத்தம் மட்டும் காதை விட்டுப் போய்விட்டது. குருவி, சைக்கிள் மணி, மதினியின் கொலுசு. பேச்சு கேட்கும், கடகட கேட்கும், கீச் கேட்காது. மதுரையில் ஏ.சி. வேலை பழகி வந்து கொட்டகை போட்ட நாளிலிருந்து, மெல்லிசுச் சத்தத்தையெல்லாம் அவருக்காகக் கேட்டது மதினிதான். கற்பூரம் சுற்றியது அதற்குத்தான்.

“வெளிய சொல்லிராத தம்பி,” என்றார் அண்ணன். “தெரிஞ்சா ஒரு வண்டி இந்தப் பக்கம் எட்டிப் பாக்காது. வேற தொழில் எனக்குத் தெரியாது.”

என் வாயில் வந்ததையெல்லாம் பேசிவிட்டு வந்தேன். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்கே புரியவில்லை.

பொன்னுத்தங்கத்தின் காரியம் முடிந்த மறுநாள், அவரே பஸ் ஏறித் தாயில்பட்டிக்கு வந்துவிட்டார். கன்னம் ஒட்டியிருந்தது. “அந்த வீட்டக் காட்டு” என்றார். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை.

பொன்னுத்தங்கத்தின் புருஷன் கருப்பணன் வாசலில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார். தயாரான அணுகுண்டு வெடிகளைக் கொளுத்திப் பார்த்துச் சத்தம் சரியா என்று சொல்லும் வேலை அவருக்கு. தெருவில் ஆட்கள் நடமாட்டம் இருந்தது. எதிரே டீக்கடையில் என் கூட்டாளி டிரைவர்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். கருப்பணன் முன்னால் அண்ணன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு, மெல்ல எல்லாவற்றையும் சொன்னார். கருப்பணன் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கேக்கல அண்ணாச்சி. சத்தமாச் சொல்லுங்க.”

அண்ணன் கொஞ்சம் குரலை உயர்த்தினார்.

“இன்னுஞ் சத்தமா.”

அண்ணன் எழுந்து நின்றார். டீக்கடைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு தெருவே திரும்பும்படி கத்தினார். “எனக்குக் காது சரியாக் கேக்காதுய்யா. வண்டியில இருந்த கோளாறு எனக்குக் கேக்கல. கேட்ட மாதிரி நடிச்சு அனுப்பிட்டேன். ஒங்க வீட்டுக்காரம்மா வெயில்ல கெடந்தது என்னாலதான்.”

கருப்பணன் அடிப்பார் என்று நினைத்து நான் நடுவில் போனேன். அவர் அசையவே இல்லை. அண்ணன் முகத்தைப் பார்த்து, சாதாரணக் குரலில் சொன்னார்.

“கேக்கலன்னு நான் ஒரு நாளைக்கு நூறு தடவ சொல்றேன் அண்ணாச்சி. நீங்க ஒரு தடவ சொல்லியிருக்கலாம்.”