சத்தம் நின்றால்

ஹார்மோனியம் மரப்பெட்டிதானே, படகு கவிழ்ந்தால் கட்டிப்பிடித்து மிதந்துவிடலாம் என்று நம்பினேன். எனக்கு நீச்சல் தெரியாது. நண்பனின் பாய்மரப் படகில் கொச்சியிலிருந்து கோவாவுக்கு வர வாய் தவறிச் சம்மதித்திருந்தேன். ஊட்டிக் கடையில் புல்லாங்குழலை விட்டு இதை வாங்கிய ரகசியம் அவ்வளவுதான்.

குன்னூர் பஸ்ஸில் எதிர்ச் சீட்டில் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா. விரலெல்லாம் தேயிலைக் கறை. ஜன்னலில் மூடுபனி கவியும்போதெல்லாம் தன்னையறியாமல் மெல்ல "ஊய்" என்றார்.

"என்னங்கக்கா அது?"

"பழக்கமுங்க. மிஸ்ட்ல காட்டெருமை நிக்கிறது தெரியாது. குரல் குடுத்துட்டேதான் கொழுந்து எடுப்போம். யாரு சத்தமாச்சும் நின்னா ஓடிப்போய்ப் பாப்போம். ஒருக்கா லேட்டாப் போனோம்."

பேச்சை மாற்ற என் பயணத்தைச் சொன்னேன். பெட்டியைப் பார்த்தார்.

"ஏனுங்க, கடல்ல நீங்க வாசிக்கிறது நின்னா யாராச்சும் வந்து பாப்பாங்களா?"

"நின்னதுக்குக் கும்பிடு போடுவாங்க."

அவர் சிரிக்கவில்லை. "சொல்லி வெச்சுட்டுப் போங்க."

பெயர்கூடக் கேட்காமல் இறங்கினேன். ஆனால் நண்பனிடம் சொல்லிவைத்தேன்.

கடலில் ஒரு மத்தியானம் வாசித்துக்கொண்டிருக்கும்போதே வெயிலில் மயங்கி, படகின் விளிம்பில் சரிந்தேன். சத்தம் நின்றதும் நண்பன் ஓடிவந்து சட்டையைப் பிடித்து இழுத்தான். ஹார்மோனியம் கடலில் விழுந்து மூழ்கிவிட்டது.