மன்றத்துக்கு நான் போட்ட வாக்கு

தம்பிக்குச் செவிப்புலன் குறைவு என்று தெரிந்தபோது அவனுக்கு மூன்று வயது, எனக்குப் பத்து. அத்தகைய குழந்தைகளுக்குப் பேச்சுக் கற்பிக்கும் தாய்மார் சிலர் தமிழ்நாட்டில் ஒரு மின்மடல் குழு வைத்திருந்தனர். ஒருவர் எழுதினால் எல்லோருக்கும் போகும். நாங்கள் இருந்த அந்தமானுக்கு இணையத்துக்கான கடலடிக் கம்பிவடம் வராத காலம் அது. ஆயினும் மடல் வெறும் எழுத்தாதலால் எப்படியோ வந்து சேர்ந்துவிடும். சனிக்கிழமைதோறும் அம்மா ஷாதிபூரில் இருந்த இணைய மையத்தில் அவற்றை அச்செடுத்துக் கோப்பில் சேர்ப்பார். அந்தத் தாள்களைப் படித்துத்தான் தம்பியின் வாயில் ‘ப’வையும் ‘ம’வையும் வரவழைத்தார். ‘க’ மட்டும் வர மறுத்தது. அம்மா சொல்லச் சொல்ல மறுமொழியைத் தட்டச்சிடுவது என் பணி. அதில் எனக்குச் சற்றுத் தலைக்கனமும் உண்டு.

ஒருநாள் குழுவில் வாக்கெடுப்பு வந்தது: மடலாகவே தொடர்வதா, இணைய மன்றமாக மாறுவதா? மன்றத்தின் மாதிரியையும் இணைத்திருந்தனர். ஒவ்வொரு பெயரருகிலும் ஒரு சிறு படம்; ரோஜா, பூனை, கண்சிமிட்டும் மஞ்சள் முகம்.

“மெயிலே போதும்னு போடு” என்றார் அம்மா. நான் மன்றம் என்று போட்டேன்.

மன்றம் வென்றது, மடல்கள் நின்றன. மன்றத்தின் பக்கமோ எங்கள் தீவில் பாதித் தலைப்புக்கு மேல் திறக்கவில்லை. மூன்று சனிக்கிழமைகள் வெறுங்கையோடு திரும்பினோம்.

“நெட் பஹுத் ஸ்லோ அக்கா. படம் வெச்ச பேஜெல்லாம் மெயின்லேண்ட்லதான் தொறக்கும்” என்றார் மையக்காரர்.

“அப்ப ஒரு கப்பல் டிக்கெட் போட்டுக் குடு தம்பி. படிச்சிட்டு வந்துர்றேன்.”

அம்மா அவரிடம் சிரித்தபடிதான் சொன்னார். வீட்டில் பழைய தாளையே மறுபடி விரித்து, தம்பியின் கையைத் தம் தொண்டையில் வைத்து ‘க’ என்றார். அவன் ‘த’ என்றான். வாக்கை மாற்றிப் போட்டதை நான் அம்மாவிடம் மறைத்தே வைத்தேன்.

நான்காம் வாரம் அம்மா என்னை வெளியே பெஞ்சில் அமர்த்திவிட்டு, ஒற்றை விரலால் எழுத்துகளைத் தேடித் தேடி ஒரு மணி நேரம் ஏதோ தட்டினார். அடுத்த வாரமே மதுரையிலிருந்து நீண்ட மடல் வந்துவிட்டது: மன்றத்தில் அவ்வாரம் எழுதப்பட்டவை அனைத்தும், படங்கள் நீக்கி, வரிசையாக. அன்று தலைவாரிவிடும்போது எனக்கு எந்த விலங்கு பிடிக்கும் என்று அம்மா கேட்டார். பூனை என்றேன், வாங்கித் தருவார் என்று சில நாள் காத்தும் இருந்தேன்.

இரண்டரை ஆண்டுகள் ஒரு வாரமும் தவறாமல் மடல் வந்தது. மன்றமே அனுப்புகிறது என்றும், ஆகவே என் வாக்கு பழுதில்லை என்றும் நம்பினேன்.

தம்பி இன்று சாத்தம் படகுத்துறையில் எஞ்சின் இரைச்சலை மீறிப் பேசி ஆட்களிடம் வேலை வாங்குகிறான். சென்ற மாதம் அந்தக் கோப்பைப் புரட்டினேன். குழுவுக்கு அனுப்பும் மடல் அனுப்பியவருக்கும் வந்து சேரும் என்பது பத்து வயதில் எனக்குத் தெரியாது. என் வாக்கு, அம்மா கையால் அச்சாகி, தேதி வரிசையில் இருந்தது. அதை அடுத்து, குழுவிலிருந்த மதுரை அம்மையார் ஒருவரின் அந்த முதல் நீண்ட மடல், இப்படித் தொடங்கியது:

“அக்கா, சின்னப்பொண்ணு, படத்துக்கு ஆசைப்பட்டிருக்கா, திட்டாதீங்க. வாராவாரம் நானே காப்பி பண்ணி அனுப்புறேன். மன்றத்துல உங்க பேருக்கு என்ன படம் வைக்கணும்னு அவகிட்ட மட்டும் கேட்டுச் சொல்லுங்க.”

இரண்டாம் மடலின் கடைசி வரி: “பூனை வெச்சாச்சு.”