வெள்ளிக்கிழமை நுரை

மகள் சோயாப் பொடியையும் வாழைப்பழத்தையும் பிளெண்டரில் அடித்து நீட்டினாள். மேலே ஒரு விரல் உயரத்துக்கு நுரை.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா முட்டை போட்டியா?"

"எல்லாம் சோயாதான்லா, அப்பா!"

எண்பதுகளில் எங்கள் டத்தோ கிராமாட் வீட்டிலும் அம்மா சோயாப்பாலை இப்படித்தான் அடிப்பார். அப்பாவைத் தினம் ஒரு முட்டை சாப்பிடச் சொல்லியிருந்தார் டாக்டர். அப்பா வெள்ளிக்கிழமை மட்டும் அதைத் தொடமாட்டார். டம்ளரை முகர்ந்து பார்ப்பார்.

"வாடை வருதே?"

"பண்டான் இலை வாசங்க."

நம்பாமல் போய்க் குப்பைத்தொட்டியைக் கிளறுவார். முட்டை ஓடு இருக்காது. பிறகுதான் குடிப்பார். நான் பள்ளிக்குக் கிளம்பிவிடுவேன். காகிதத்தில் சுருட்டிய முட்டை ஓடு என் பைக்குள் இருக்கும்.

மகளை நம்பத்தான் நினைத்தேன். குப்பைத்தொட்டிப் பக்கமே போகவில்லை. நேரே பேத்தியின் பள்ளிப்பையைத் திறந்தேன்.